மீத்திறன் மாணவரும் இணையவழிக் கருவிகளும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

முன்வரிசையில் அமர்ந்து, நாடகம் எப்போது தொடங்கும் என்று காத்திருக்கும் குழந்தைச் செல்வங்களே!

இன்னிசைக்கும் நாடகத்திற்கும் இடையே எனக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கல்வியைப்பற்றி ஏதேனும் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தபோது, பொருளைத் தேடி நான் அலையவில்லை. 35 ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தவள் நான். அத்தனை ஆண்டுகளிலும் என் நெஞ்சை விட்டு அகலாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது என் பெருமையைக் கூறும் நிகழ்ச்சியன்று. என் பிழையைக் கூறுவது. அதனையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

1991ஆம் ஆண்டு. வேறோர் ஊரில், வேறொரு பள்ளியில் நான் ஆறாம் வகுப்பிற்குக் கணக்கு கற்பித்துக்கொண்டிருந்தேன். அவ்வகுப்பில் சிறுவன் ஒருவன் இருந்தான். கரும்பலகையில் நான் கணக்கை எழுதி முடிக்குமுன் அவன் விடையைச் சொல்லிவிடுவான். மற்றவர்கள் பத்துக் கணக்குப் போடும் நேரத்தில் அவன் பத்தையும் முடித்துவிட்டு, பக்கத்துப் பையனின் சட்டையில் காகித வால் ஒட்டிக்கொண்டிருப்பான். அவனைச் சும்மா இருக்கவிடக் கூடாது என்று எண்ணிய நான், 'முடித்துவிட்டாயா? அடுத்த பக்கத்தில் உள்ள இருபதையும் போடு' என்பேன். அதையும் முடித்தால் இன்னும் இருபது. இவ்வாறு ஒரு பருவம் சென்றது. பிறகு அவன் மாறினான். எல்லாரோடும் சேர்ந்து பத்தாவது கணக்கை முடித்தான். குறும்பு நின்றது. வகுப்பு அமைதியாயிற்று. நானும் மகிழ்ந்தேன்.

ஆண்டின் இறுதியில் ஒருநாள் அவனை அழைத்து, 'இப்போதெல்லாம் நிதானமாகப் போடுகிறாயே, நல்ல பழக்கம்' என்றேன். அவன் கள்ளமின்றிச் சொன்னான்: 'விரைவில் முடித்தால் இன்னும் இருபது கொடுப்பீர்களே, டீச்சர்!'

அன்பர்களே! ஓட வல்ல ஒரு குழந்தைக்கு நான் மெல்ல நடக்கக் கற்பித்திருந்தேன். அதற்கு நல்லொழுக்கம் என்று பெயரும் இட்டிருந்தேன். அவன் தண்டனையாகக் கொண்டதை நான் கல்வி என்று எண்ணினேன். அன்று என் கையில் வேறு வழி இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஓரளவு அது உண்மையுங்கூட. நாற்பது பிள்ளைகள், ஒரு பாடநூல், நாற்பது நிமிடம். ஆனால் இன்று அந்தச் சாக்கு நமக்கு இல்லை. இணையவழிக் கருவிகள் வந்துவிட்டன. அவற்றால் வகுப்பறையில் என்ன செய்ய இயலும், என்ன செய்ய இயலாது என்பதையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில், மீத்திறன் மாணவர் என்பவர் யார்? முதல் மதிப்பெண் வாங்குபவர் என்று நாம் கருதுகிறோம். இது பெரும் தவறு. சொன்னதைத் திருப்பிச் சொல்பவனுக்கும் முதல் மதிப்பெண் கிடைக்கும். மீத்திறன் உடைய குழந்தையோ சொல்லாததைக் கேட்கும். ஒரு விதியைக் கற்றதும் அது எங்கே பொய்க்கும் என்று தேடும். தனக்கு விருப்பமான ஒன்றில் பசியையும் மறந்து மூழ்கும். விருப்பமில்லாததில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து வரும். சில வேளைகளில் குறும்பனாகத் தோன்றும்; சில வேளைகளில் ஊமையாகத் தோன்றும். 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்கிறோம். தெரியும், மெய்தான், ஆனால் குனிந்து பார்ப்பவர் ஒருவர் வேண்டுமே!

இதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசனை நாம் அறிவோம். பள்ளி மாணவராக இருந்தபோது, கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளை வரிசையாகக் கூறும் நூல் அது. முழுமையான நிறுவல்கள் அதில் இல்லை. அந்த ஒரு நூலே அவருக்குப் புதிய உலகத்தைத் திறந்தது. ஆனால் அதன்பின் நேர்ந்தது என்ன? கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தவர், கணக்கில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அந்த உதவியை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் வெல்ல இயலவில்லை. 1913இல் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹார்டிக்கு மடல் எழுதும்வரை, தாம் கண்டவற்றைத் துறை வல்லார் ஒருவரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவர்க்கு வாய்க்கவில்லை. அவர் இளமையில் மறைந்ததைவிட, வழிகாட்டுவாரின்றிக் கழிந்த அந்த ஐந்து ஆண்டுகளே பெருந்துயரம் என்னும் கருத்தினை ஹார்டி பிற்காலத்தில் எழுதினார்.

இந்த வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள்ளன. நல்ல கருவி ஒன்று தக்க குழந்தையின் கையில் சேர்ந்தால் வானம் திறக்கும், இது முதற்பாடம். கருவி மட்டும் போதாது, பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும், இது இரண்டாவது. அன்று கருவியாக இருந்தது அச்சிட்ட நூல். இன்று கருவியாக இருப்பது கணினித் திரை. இரண்டு பாடங்களும் இன்றும் மாறவில்லை.

இனி வகுப்பறைக்கு வருவோம். மீத்திறன் உடைய மாணவனுக்கு ஆசிரியர் செய்யவேண்டியவை மூன்று. அவன் முன்னரே எதை அறிவான் என்று கண்டறிதல். அறிந்ததை மீண்டும் மீண்டும் செய்யுமாறு வற்புறுத்தாது விடுவித்தல். விடுவித்த நேரத்தில் அவன் அறிவுக்கு ஏற்ற ஆழமான வேலையைக் கொடுத்தல். இம்மூன்றும் நான் கண்டுபிடித்தவை அல்ல. மேலை நாட்டுக் கல்வியாளர் பலகாலம் ஆராய்ந்து சொன்னவை.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்னும் பேராசிரியர் 1971இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் சேர விழைவோர் எழுதும் தேர்வையே கொடுத்துப் பார்த்தார். ஏன்? வகுப்புத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கும் பத்துப் பிள்ளைகளை நிறுத்தினால், அவர்களுக்குள் வேறுபாடு தெரியாது. கூரை தாழ்ந்த வீட்டில் நிற்பவரின் உயரத்தை அளக்க இயலுமா? கூரையை உயர்த்தினால்தான் உயரம் தெரியும். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ரென்சுல்லி, சாலி ரீஸ் முதலியோர் மற்றோர் உண்மையைக் கண்டனர். மிகத் திறமையான மாணவர்க்கு வழக்கமான பாடத்தில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை நீக்கிவிட்டாலும் அவர்கள் தேர்ச்சி குறையவில்லை என்று 1993இல் வெளியான அவர்கள் ஆய்வு கூறுகிறது. அப்படியானால் அந்தப் பாதி நேரம் அக்குழந்தைகள் வகுப்பில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? காகித வால் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், வேறென்ன?

இம்மூன்றையும் நாற்பது பேருக்கும் தனித்தனியே ஓர் ஆசிரியர் கையால் செய்வது மிக அரிது. இங்கேதான் பொறி துணைக்கு வருகிறது. இதுவும் நேற்றுத் தோன்றிய எண்ணம் அன்று. 1960களிலேயே ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பாட்ரிக் சப்பீஸ் என்பவர், தொலைபேசிக் கம்பிவழியே கணினியோடு இணைந்த தட்டச்சுப் பொறிகளைத் தொடக்கப் பள்ளிகளில் வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் நிலைக்கேற்பக் கணக்குகள் வருமாறு செய்தார். அன்று ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த பொறியின் ஆற்றல் இன்று நம் சட்டைப்பையில் கிடக்கிறது. ஆற்றல் பெருகிவிட்டது, அதை எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

நான் செய்தது என்ன என்று சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்குமுன், என் ஆறாம் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். தந்தை ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. தாய் வீட்டில் இட்லிமாவு அரைத்து விற்பவர். பள்ளிக் கணினி அறையில் வாரம் இரண்டு பாடவேளை எங்களுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு பாடம் தொடங்குமுன்னும், அப்பாடத்தின் இறுதியில் கேட்கப்படும் தரத்திலேயே பத்து வினாக்களைக் கூகிள் படிவத்தில் அமைத்து, வகுப்பு முழுவதற்கும் கொடுத்தேன். 'இது மதிப்பெண்ணுக்கு அன்று. எங்கிருந்து தொடங்கலாம் என்று நான் அறிவதற்கு' என்று சொல்லிவிடுவேன். பொறியே திருத்தி, யார் எந்த வினாவில் தவறினார் என்று அட்டவணையாகக் காட்டிவிடும். முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விழுங்கிய வேலை, தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

பொது மடங்குகள் என்னும் பாடத்திற்குமுன் நடந்த அத்தேர்வில் அப்பெண் பத்தும் சரியாகச் செய்திருந்தாள். வேறு மூவர் எட்டுக்குமேல். அந்நால்வருக்கும் பயிற்சியிலுள்ள முப்பது கணக்குகளிலிருந்து விடுதலை அளித்தேன். அதற்கு மாறாக ஒரே ஒரு கணக்கு: '1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் எது?' விடை 2520. பத்தையும் ஒன்றோடொன்று பெருக்கி 36 இலட்சத்திற்கு மேற்பட்ட எண்ணோடு ஒருவன் வந்தான். அப்பெண் மட்டும், 'எட்டு வகுத்தால் நான்கும் இரண்டும் தாமே வகுக்குமே. அவற்றை ஏன் மறுபடி பெருக்கவேண்டும்?' என்று கேட்டாள். அந்தக் கேள்வி முப்பது கணக்குக்குச் சமம்.

பிறகு அவளைக் கான் அகாதெமி என்னும் இலவசத் தளத்தில் மேல்வகுப்புப் பயிற்சிகளுக்கு அனுப்பினேன். ஆறாம் வகுப்புப் பெண் எட்டாம் வகுப்பு இயற்கணிதம்வரை இரண்டே மாதத்தில் சென்றுவிட்டாள். திரையில் பச்சைக் குறிகள்! பதக்கங்கள்! புள்ளிகள்! எனக்கு ஒரே மகிழ்ச்சி. முப்பது ஆண்டுக்குமுன் செய்த பாவத்தைக் கழுவிவிட்டேன் என்றே எண்ணினேன்.

இங்கேதான் நான் இரண்டாம் முறை தவறினேன். ஒருநாள் அவளிடம், 'இரண்டு எண்களின் பெருக்கற்பலனும், அவற்றின் மீப்பெரு பொதுக் காரணியையும் மீச்சிறு பொது மடங்கையும் பெருக்கினால் வருவதும் ஒன்றாகவே இருக்கின்றனவே, ஏன்?' என்று கேட்டேன். அவள் விழித்தாள். 'தெரியாது டீச்சர். அப்படிப் போட்டால் பச்சைக் குறி விழும்' என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சிறுவனுக்கு நான் மெல்ல நடக்கக் கற்பித்தேன். இப்பெண்ணுக்கோ, எங்கே போகிறோம் என்று பாராமல் ஓடக் கற்பித்திருக்கிறேன்! இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் நான் குழந்தையைப் பார்க்கவில்லை. அன்று ஒழுங்கைப் பார்த்தேன். இன்று திரையைப் பார்த்தேன்.

அதன்பின் முறையை மாற்றினேன். திரையில் ஒரு மணி நேரம் செய்தால், குறிப்பேட்டில் ஒரு பக்கம் கையால் எழுதவேண்டும். என்ன செய்தாய் என்று அன்று. 'ஏன் அப்படி வருகிறது, எங்கே வராது' என்று. வெள்ளிதோறும் மதிய உணவுக்குப்பின் கால்மணி நேரம் அந்நால்வரோடும் அமர்ந்து அதைப்பற்றிப் பேசுவேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை அப்பெண் தன் குறிப்பேட்டை நீட்டினாள். 12, 18 ஆகிய இரண்டு எண்களின் பகாக் காரணிகளை இரண்டு வட்டங்களில் எழுதி, பொதுவானவற்றை நடுவில் வைத்து, பெருக்கற்பலனில் நடுப்பகுதி இரண்டு முறை எண்ணப்படுகிறது என்று காட்டியிருந்தாள். அதன்கீழே தானாகவே ஒரு கேள்வி: 'மூன்று எண்களுக்கும் இது பொருந்துமா?' 2, 4, 6 என்று எடுத்துப் பார்த்திருந்தாள். பெருக்கற்பலன் 48, பொதுக் காரணியும் பொது மடங்கும் பெருகினால் 24. பொருந்தவில்லை! அந்தப் பொருந்தாமையைக் கண்டபோது அவள் முகத்தில் எழுந்த ஒளியை எந்தப் பச்சைக் குறியும் தந்ததில்லை. ஆம், கருவி அவளை வாயில்வரை கொண்டுவந்தது. உள்ளே அழைத்தது அந்தக் கால்மணி நேரப் பேச்சு.

'நால்வருக்கு மட்டும் இவ்வளவு செய்தால், மற்ற முப்பத்தாறு பிள்ளைகளின் கதி என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே. நல்ல கருவி எல்லாருக்கும் பயன்படும். ஆழம்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஜியோஜீப்ரா என்று ஒரு வரைகணிதக் கருவி உண்டு. ஆஸ்திரியா நாட்டில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் 2001இல் தொடங்கியது. அதில் எப்படிப்பட்ட நாற்கரத்தையும் வரைந்து, நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்த்தால், உள்ளே இணைகரம் ஒன்று தோன்றும். மூலையைப் பிடித்து இழுத்து நாற்கரத்தை எவ்வளவு கோணலாக்கினாலும் உள்ளே இருப்பது இணைகரமாகவே நிற்கும். ஒரே திரையை வகுப்பு முழுவதும் பார்க்கிறது. சிலர் பக்கங்களை அளந்து, எதிர்ப்பக்கங்கள் சமம் என்று காண்பர். அவர்களுக்கு அது வெற்றி. சிலர், எந்த நாற்கரத்திற்கு உள்ளே சதுரம் வரும் என்று தேடுவர். மீத்திறன் உடையவர், 'எப்போதும் இப்படியே வரும் என்று எதனால் சொல்லலாம்?' என்று கேட்டு, மூலைவிட்டம் ஒன்றை வரைந்து நிறுவுவர். பாடம் ஒன்று, படிகள் பல. யாரும் தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்படவில்லை. யாரும் காத்திருக்குமாறு கட்டிப்போடப்படவும் இல்லை.

அடுத்து, நம்மைப் போன்று வேற்று மாநிலத்தில் வாழ்வோர்க்கே உரிய ஒன்றைச் சொல்லவேண்டும். இங்கே பிலாய் நகரில், 1959இல் முதல் ஊதுலை மூட்டப்பெற்ற காலந்தொட்டு நம்மவர் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்திருக்கிறார்கள். நம் குழந்தை வீட்டில் தமிழ் பேசுகிறது; தெருவில் இந்தி பேசுகிறது; பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதுகிறது. தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த சிறுவன் முதல் ஆறு மாதம் வாய் திறப்பதில்லை. ஆசிரியர் அவனை மந்தன் என்று எழுதிவிடுகிறார். அறிவு மந்தமன்று, அங்கே மொழி மூடியிருக்கிறது.

ஒரே ஒரு தேர்வால் குழந்தையை எடை போடுவது எவ்வளவு தீது என்பதற்கு, நான் முன்னே சொன்ன தளத்தின் பிறப்பே சான்று. அதனை நிறுவியவர் பெயர் சல்மான் கான். பெயரைக் கேட்டதும் திரைப்பட நடிகர் என்று குழந்தைகள் எண்ணவேண்டா, இவர் அமெரிக்கர். 2004இல் இவருடைய உறவினர் வீட்டுச் சிறுமி ஒருத்தி, ஒரு கணக்குத் தேர்வில் அலகு மாற்றம் என்னும் ஒரு பகுதியில் இடறியதால், மெல்லக் கற்போர் பிரிவில் வைக்கப்படும் நிலைக்கு வந்தாள். இவர் வேறோர் ஊரிலிருந்து தொலைபேசி வழியாகவும் கணினி வழியாகவும் அவளுக்குக் கற்பித்தார். தடை நீங்கியதும் அவள் விரைந்து முன்னேறினாள். அந்தத் தனிப்பாடத்திலிருந்து வளர்ந்ததே அத்தளம். தடுக்கி விழுந்த இடத்தை வைத்து ஓட்டத்தை அளக்கலாகாது என்பதே இதன் கருத்து.

ஆகவே நம் குழந்தைகளுக்கு இணையத்தின் தனிப்பயன் ஒன்று உண்டு. 2017இல் நடுவணரசு தொடங்கிய தீக்ஷா தளத்தில் பல மாநிலங்களின் பாடங்கள் பல மொழிகளில் உள்ளன, தமிழிலும் உள்ளன. புதிதாக வந்த சிறுவனுக்கு அதே பாடத்தைத் தமிழில் காட்டி, வினாவைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். விடை தமிழில் வந்தால், அவனுக்கு வேண்டியது கணக்குப் பயிற்சி அன்று. ஆங்கிலச் சொற்கள் சில என்பது விளங்கிவிடும்.

மீத்திறன் என்பது கணக்கும் அறிவியலும் மட்டும் அன்று. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலே, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளோடு, கதை எழுதும் பிள்ளையும் அமர்ந்திருக்கிறது. அதற்கு என்ன கொடுக்கிறோம்? மறுபடியும் உயிர்மெய் எழுத்துகளையா? 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி இலவசமாக வழங்கிவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் குவிந்துள்ளன. முன்னாளில் ஒரு நூலுக்காகச் சென்னைக்கு எழுதி மாதக்கணக்கில் காத்திருந்தோம். இன்று நூலகம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. அந்தப் பிள்ளையோடு அமர்ந்து ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்ல நமக்கு நேரம் இருக்கிறதா என்பதே கேள்வி.

இனி, எச்சரிக்கையாகச் சில சொற்கள். இப்போது கேட்டவுடன் விடை தரும் செயற்கை அறிவுப் பொறிகள் வந்துவிட்டன. இவற்றால் மெல்லக் கற்கும் பிள்ளைக்கு வரும் தீங்கைவிட மீத்திறன் பிள்ளைக்கு வரும் தீங்கு பெரிது என்பது என் எண்ணம். ஏனெனில் அப்பிள்ளையின் வளர்ச்சியே திகைப்பில் இருக்கிறது. விடை தெரியாத வினாவோடு மூன்று நாள் மல்லாடுவதே அதற்கு உணவு. அந்த மூன்று நாளை மூன்று நொடியாக்கிவிட்டால் பட்டினிதான். அப்பொறியிடம், 'விடை சொல்லாதே. நான் எழுதியதில் குறை எங்கே என்று மட்டும் கேள்வி கேள்' என்று பணிக்கப் பழக்குங்கள். பழக்குமுன் தனியே விடாதீர்கள். அது சில வேளைகளில் தவறானதையும் உறுதியாகச் சொல்லும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

குழந்தையின் பெயர், படம், மதிப்பெண் ஆகியவற்றைக் கேட்கும் தளங்கள் பல. பதினெட்டு வயது நிரம்பாதவர் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருக்கிறது. இசைவு என்னும் பொத்தானைப் படியாமல் அழுத்துவது, வெற்றுத்தாளில் கையொப்பம் இடுவதற்கு ஒப்பாகும்.

மற்றொன்று. ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால் அது யார் கையில் இருக்கிறது? தந்தை வேலைக்கு எடுத்துச் செல்கிறார்; மாலையில் அண்ணன் வாங்கிக்கொள்கிறான்; தங்கையின் முறை வரும்போது உறங்கும் நேரம் வந்துவிடுகிறது. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது இதை நான் கண்ணாரக் கண்டேன். நான் சொன்ன அந்தப் பெண்ணின் வீட்டிலும் இதே நிலைதான். இரண்டு கிழமை அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. பிறகு அவள் தாயே என் வீட்டு வாயிலுக்கு வந்தார். 'டீச்சரம்மா, போன் அவங்க அப்பாகிட்ட இருக்கு. பிள்ளை நோட்டுல எழுதித் தந்திருக்கா. நீங்க பார்த்துக் கேள்வி எழுதிக் கொடுத்தா, மாவு கொடுக்க வரும்போது வாங்கிக்கிறேன்' என்றார். அப்படியே ஓர் ஆண்டு நடந்தது. மாவுப் பாத்திரத்தோடு குறிப்பேடு வந்தது. குறிப்பேட்டோடு கேள்வி சென்றது. அன்பர்களே! அதுவும் ஓர் இணையவழிதான். இரண்டு மனங்களை இணைத்த வழி. கம்பி இல்லாத நாளிலும் அது அறுந்துவிடவில்லை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மீத்திறன் மாணவர்க்கென வினாவிடைகள், போட்டிகள், செறிவூட்டும் பாடங்கள் ஆகியன கொண்ட இணையச் செயலிகள் உருவாக்கப்படும் என்றும், பெற்றோர் ஆசிரியர் மேற்பார்வையில் அவை நடைபெறவேண்டும் என்றும் கூறுகிறது. கொள்கை வரட்டும், வரவேற்போம். அதுவரை நம் சங்கம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. என் வேண்டுகோள் மிக எளியது.

சங்கத்தின் படிப்பகத்தில் நான்கு கணினிகளும் நல்ல இணைய இணைப்பும் வைப்போம். சனி, ஞாயிறு மாலைகளில் திறந்து வைப்போம். பெண் குழந்தைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குவோம். நம்மிடையே ஓய்வு பெற்ற பொறியாளர்கள் இருக்கிறார்கள்; ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர்கள் இருக்கிறார்கள்; தமிழ் கற்ற பெரியோர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் நான்கு பிள்ளைகளை ஏற்றுக்கொண்டு, கிழமைக்குக் கால்மணி நேரம் 'ஏன்?' என்று கேட்கட்டும். பாடம் நடத்தவேண்டா, கேட்டால் போதும். இதற்கு நுழைவுத் தேர்வு வைக்கவேண்டா. 'என் பிள்ளை மேதை, உன் பிள்ளை அன்று' என்னும் போட்டிக்கு இடம் தரவேண்டா. விரும்பி வருகிற பிள்ளை எல்லாம் வரட்டும். யாரிடம் எது ஒளிந்திருக்கிறது என்பதை நாம் முன்கூட்டி அறிந்தவர் அல்லர்.

பெற்றோரே! உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும், 'இன்று எத்தனை மதிப்பெண்?' என்று கேட்கிறீர்கள். நாளை முதல், 'இன்று என்ன கேள்வி கேட்டாய்?' என்று கேளுங்கள். வகுப்பில் சோர்ந்திருக்கிறான், குறும்பு செய்கிறான் என்று ஆசிரியர் சொன்னால், அடிப்பதற்குமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: ஒருவேளை அவன் நெடுநேரமாகக் காத்திருக்கிறானோ?

அந்த 1991ஆம் ஆண்டுச் சிறுவன் இன்று எங்கே இருக்கிறான் என்பதை நான் அறியேன். நல்ல நிலையிலேயே இருப்பான். அவன் அறிவு அவனைக் காத்திருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் அவன் எவ்வளவு தொலைவு சென்றிருக்கக்கூடும் என்பதை அவனும் அறியமாட்டான், நானும் அறியமாட்டேன். அந்த அறியாமைக்குக் காரணம் நான். மாவுப் பாத்திரத்தோடு குறிப்பேடு அனுப்பிய பெண்ணோ இப்போது கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தெரியாத கேள்வி ஒன்றோடு வருகிறாள். 'தெரியாது அம்மா, நீயே கண்டுபிடித்து எனக்குச் சொல்' என்கிறேன். ஆசிரியர் ஒருவர் அடையக்கூடிய இன்பம் இதனினும் பெரிது உண்டோ?

முன்வரிசைச் செல்வங்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். அவர்களை மேலும் காக்கவைத்தால் நான் சொன்னதற்கு நானே மாறு செய்தவள் ஆவேன். திரை உயரட்டும், நாடகம் தொடங்கட்டும்.